பிரஸ்ஸல்ஸ் சட்டமும் நாட்றாம்பாளையத்து மாடும்

கிருஷ்ணகிரி ஜில்லாவின் தென்மேற்கு மூலையில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்லும் மலைப்பாதையில், நாட்றாம்பாளையம் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் காடு, அப்பால் காவேரி, அதற்கும் அப்பால் கன்னட நாடு. ராகியும் கொள்ளும் விளையும் மேட்டு நிலம். உழவுக்குப் பெயர் பெற்ற ஆலம்பாடி மாடு பிறந்து வளர்ந்த மலைச்சாரல் இதுவே. பகலில் காட்டோரம் மேய்ந்து இரவில் பட்டியில் அடையும் இம்மாட்டுக்கும், ஐரோப்பாவின் பெல்ஜியம் தேசத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலே இயற்றப்பட்ட ஒரு சட்டத்திற்கும் யாது சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். சம்பந்தம் உண்டு. அச்சம்பந்தத்தை விளக்குவதே இன்று நமது நோக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூன் 29-ஆம் தேதி அது சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. மாடு, கொக்கோ, காப்பி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு சரக்குகளும், அவற்றினின்று செய்யப்படும் தோல், டயர், காகிதம், மேஜை நாற்காலி முதலியனவும் அதில் அடங்கும். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதிக்குப் பிறகு காடழித்துத் திருத்திய நிலத்தில் விளைந்த பொருள் எதுவும் ஐரோப்பியச் சந்தையில் நுழையலாகாது; விளைந்த தேசத்துச் சட்டங்களுக்கு விரோதமாக விளைந்த பொருளும் நுழையலாகாது. இவ்விரண்டும் அச்சட்டத்தின் இரு தூண்கள். மீறுவோருக்குச் சரக்குப் பறிமுதல். அபராதத்தின் உச்ச வரம்போ, ஐரோப்பாவில் அந்நிறுவனம் ஓராண்டில் செய்யும் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு நான்குக்குக் குறையலாகாது.

சட்டத்தின் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. 1990 முதல் 2020 வரை உலகம் 42 கோடி ஹெக்டேர் காட்டை இழந்தது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்தப் பரப்புக்கு இது ஏறத்தாழச் சமம். காடு அழிந்தால் மழை பொய்க்கும், ஆறு வறளும் என்பதை நமக்கு அன்னியர் சொல்லித் தர வேண்டுவதில்லை. காவேரிக் கரையில் வாழும் நமக்கு அது அனுபவ ஞானம். ஆகவே காடு காக்கப்பட வேண்டும் என்பதில் தர்க்கமில்லை. காக்கும் செலவை யார் ஏற்பது, குற்றமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுவது என்பதில்தான் தர்க்கம்.

இவ்விடத்தில் பழங்கதை ஒன்றை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடிற்று. தண்டவாளத்தின் அடிக்கட்டைக்கு நம் மலைகளின் மரங்கள் வெட்டுண்டன. தேக்கு மரக் கம்பெனி ஒன்றின் வழக்கைச் சாக்காகக் கொண்டு 1885-இல் பர்மா தேசத்தின் மீது ஆங்கிலேயர் படையெடுத்தனர். மரம் குறைந்தபோது காட்டின் மீது அவர்களுக்குக் கருணை பிறந்தது. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. வெட்டியவர் துரையாகவே இருந்தார். விறகு பொறுக்கியவள் குற்றவாளியானாள். 1930-இல் மத்திய மாகாணத்திலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஜனங்கள் வன சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தது இதனாலேயே. தம் காட்டை முன்னமே அழித்துச் செல்வம் குவித்தோர் பிறர் காட்டுக்குக் காவலராக வரும்போது, நம்மவர் சற்று ஐயத்துடன் நோக்குவது இயல்பே அன்றோ?

ஆயினும் ஐயம் வேறு, ஆராய்ச்சி வேறு. சட்டத்தைச் சட்டமாகவே எடுத்து ஆராய்வோம்.

இச்சட்டம் நம் நாட்டு வியாபாரியை நேரே கட்டுப்படுத்துவதில்லை. ஐரோப்பாவில் சரக்கை முதன்முதல் சந்தைக்குக் கொண்டுவருபவனையே அது கட்டுப்படுத்துகிறது. சரக்கு விளைந்த நிலம் எங்கேயுள்ளது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில், தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை, அவன் பிரமாணம் செய்து சமர்ப்பிக்க வேண்டும். ஆறு இலக்கம் என்றால் ஒரு சாண் அளவிலும் பாதியாகும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமாயின் அதன் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். மாடாயின் அது வளர்ந்த இடங்கள் அனைத்தையும் சொல்ல வேண்டும். இவ்விவரத்தை இத்தாலிய வியாபாரி ஆம்பூர் வியாபாரியிடம் கேட்பான். ஆம்பூரார் மண்டிக்காரரைக் கேட்பார். மண்டிக்காரர் தரகரைக் கேட்பார். தரகர் இறுதியில் பட்டிக்காரனிடம் வந்து நிற்பார். சட்டம் கட்டுப்படுத்துவது ஒருவனை. சுமை இறங்குவது வேறொருவன் தோளில். வழக்கில் அவன் கட்சிக்காரன் அல்லன். அவனுக்கு அழைப்பாணையும் இல்லை, விசாரணையும் இல்லை. தீர்ப்பு மாத்திரம் அவனைச் சாரும். மறு தரப்பையும் கேட்டே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பால பாடம். அப்பாடம் இங்கே மறக்கப்பட்டது.

நாட்றாம்பாளையத்து மாட்டின் பயணத்தைச் சற்றே பின்தொடர்ந்து பாருங்கள். மலைப்பட்டியில் பிறந்த கன்று வேறொரு கிராமத்தில் ஏருக்குப் பழகுகிறது. பிறகு குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளி முதலிய சந்தைகளில் கைமாறுகிறது. கிழமான பின்பு கேரளத்துக்கோ வேறெங்கோ செல்கிறது. அதன் தோல் உப்பிடப்பட்டு, சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கோ வாணியம்பாடித் தொழிற்சாலைக்கோ வந்து சேர்கிறது. பல ஜில்லாத் தோல்கள் ஒரே தொட்டியில் ஊறுகின்றன. பதனிட்ட பின்பு, ‘இத்தோல் எந்தப் பட்டியினுடையது?’ என்று கேட்டால் பிரமதேவனும் விடை சொல்ல மாட்டான். காடழித்து மேய்ச்சல் நிலமாக்கிப் பல்லாயிரம் மாடுகளை ஒரே வேலிக்குள் வளர்க்கும் பிரேஜில் தேசத்துப் பண்ணை முதலாளியை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டம் இது. அவனிடம் வரைபடமுண்டு, கணக்கருண்டு, வக்கீலுண்டு. நான்கு மாடு வைத்திருக்கும் நம் குடியானவனிடம் இவற்றுள் ஒன்றுமில்லை. குற்றம் புரியக்கூடியவனுக்கு நிரூபிப்பது எளிது, குற்றமற்றவனுக்கோ அரிது. இது விபரீதமன்றோ?

இரண்டாவது தூணைப் பாருங்கள். விளைந்த தேசத்துச் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நிலவுரிமையும் வனவிதிகளும் அதில் அடங்கும். நியாயந்தான். ஆனால் மலைக்கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக உழுதும் பட்டா இல்லாதோர் எத்தனை பேர்! 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்னமே காட்டு நிலத்தை அனுபவித்து வந்த பழங்குடியினருக்கு உரிமை வழங்கச் சொல்லுகிறது. மனுக்கள் நிலுவையில் இருக்கும் வரை அவர்கள் உரிமை காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாதது பிரஸ்ஸல்ஸின் கண்ணுக்குத் தெரியாது. இதே மலைத்தொடரில் 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குப் புகலிடமும், 2022-இல் காவேரி தெற்குப் புகலிடமும் அறிவிக்கப்பட்டன. அதே 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் புகலிடங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. யானைக்கும் காட்டுக்கும் அது நலமே. ஆயினும், ‘தடையுள்ள காட்டில் மேய்ந்த மாட்டின் தோல், சட்ட விரோதமாக விளைந்த தோல்’ என்று நாளை ஓர் ஐரோப்பிய அதிகாரி வாதிக்கத் துணிந்தால், அதற்கு எதிர்வாதம் யார் செய்வது? நமது சர்க்கார் தீர்க்காமல் வைத்திருக்கும் வழக்கை அன்னியர் தீர்ப்பார்கள். நமக்கு ஆகாத விதத்தில் தீர்ப்பார்கள்.

இனி இடைநிலைத் தேசம் என்னும் நிலைமையைக் கவனிப்போம். பாரத தேசம் விளைவிக்கும் தேசம் மட்டுமன்று. பிறர் விளைவித்ததை வாங்கி, உருமாற்றி, மறுபடி விற்கும் தேசமுமாகும். ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விளைந்தது ஏறத்தாழ 8.57 லட்சம் டன். தொழிற்சாலைகளுக்கு வேண்டியிருந்தது ஏறத்தாழ 14.16 லட்சம் டன். பற்றாக்குறையைத் தென்கிழக்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொள்முதல் செய்கிறோம். கன்னியாகுமரித் தோட்டத்து ரப்பரும் இந்தோனேசியத் தோட்டத்து ரப்பரும் ஒரே கலவையில் சேர்ந்து டயராகின்றன. காப்பியிலும் வியட்நாம், உகாண்டா முதலிய தேசத்துக் கொட்டைகள் இங்கே வந்து, பொடியாகி, மறுபடி கப்பலேறுகின்றன. தோலிலும் அப்படியே, அரைப் பதனிட்ட அன்னியத் தோலுக்கு இறக்குமதிச் சுங்கமே வேண்டா என்று 2025-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

இக்கலப்பில்தான் ஆபத்து இருக்கிறது. 2025 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் உலக தேசங்களைத் தரம் பிரித்தது. ரஷ்யா, பெலாரஸ், வட கொரியா, மியான்மர் ஆகிய நான்கும் அதிக ஆபத்துள்ளவை எனப்பட்டன. பிரேஜில், இந்தோனேசியா, மலேசியா முதலியவை நடுத்தரம். பாரத தேசம் குறைந்த ஆபத்துள்ள வரிசையில் வைக்கப்பட்டது. முதல் வகையில் நூற்றுக்கு ஒன்பதும், நடுவகையில் மூன்றும், நம் வகையில் ஒன்றுமாகச் சோதனை நடக்கும். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் சட்டத்தை நுணுகிப் படித்தால், இச்சலுகை இங்கே விளைந்த பொருளுக்கே உரியது என்பது விளங்கும். அன்னிய தேசத்துச் சரக்கு கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் சலுகை போயிற்று. சான்றுள்ள சரக்கும் சான்றில்லாத சரக்கும் கலந்தால் முழுதும் சான்றில்லாத சரக்கே. ஒரு துளி விஷம் ஒரு குடம் பாலுக்குப் போதும் என்பார்கள். அதுவே இங்கே சட்டம். ஆகையால் பிற தேசத்துக் காட்டை அழித்தவன் செய்த பாவம், அவனிடம் வாங்கிய நம் தொழிற்சாலை வாயிலாக, நம் தோட்டக்காரன் தலையிலும் விடியும்.

அட்டவணையிலே மற்றொரு வேடிக்கை உண்டு. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, பதனிட்ட மாட்டுத் தோல் கப்பலேறினால் சாட்சி வேண்டும். அதே தோல் பூட்ஸாகித் தைக்கப்பட்டுச் சென்றால் வேண்டா. டயர் தனியே சென்றால் சாட்சி வேண்டும். ஓசூரில் செய்த மோட்டார் சைக்கிளில் பூட்டிச் சென்றால் வேண்டா. காப்பிக் கொட்டைக்கு வேண்டும். வெந்நீரில் கரையும் காப்பிச் சத்துக்கு வேண்டா. ஆட்டுத் தோல் அட்டவணையிலேயே இல்லை. கிருஷ்ணகிரி மாம்பழக் கூழும் ஓசூர் ரோஜாவும் இல்லை. இதனின்றும் நாம் அறிவது யாது? கச்சாப் பொருள் விற்பவனுக்கே தொல்லை அதிகம். முடிவான பொருளைச் செய்து விற்பவனுக்கு இப்பொழுது தொல்லை குறைவு. கச்சாப் பஞ்சைக் கொடுத்துத் துணியை வாங்காதே என்று சுதேசி இயக்கம் போதித்த பாடம் இன்று தோலிலும் ரப்பரிலும் உயிர் பெறுகிறது. ஆனால் இது நிலையான கவசம் என்று எவரும் மயங்க வேண்டா. அட்டவணையைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

அவர்கள் தமக்குத் தாமே காட்டிக்கொண்ட தயவையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 30-இல் அமலுக்கு வரவேண்டிய சட்டம் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் மறுபடியும் ஒத்திவைத்தார்கள். பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்று புதிய கெடு. குறைந்த ஆபத்துள்ள தேசத்துச் சிறு உற்பத்தியாளர் தம் பொருளைத் தாமே ஐரோப்பியச் சந்தையில் வைப்பராயின் ஒரே ஒரு முறை எளிய அறிக்கை கொடுத்தால் போதும் என்றார்கள். ஏட்டளவில் இது எல்லோருக்கும் பொது. நடைமுறையில், தன் ஊர்ச் சந்தையிலேயே விற்கும் ஐரோப்பியக் குடியானவனுக்கே பயன்படும். நம் ஏற்காட்டுச் சிறு விவசாயி ஐரோப்பாவில் கடை வைத்திருக்கிறானா? அச்சிட்ட புத்தகமும் பத்திரிகையும் விலக்கப்பட்டன. அவர்களுடைய அச்சகத்தாரின் கூக்குரல் உடனே கேட்டது போலும்! பத்திரிகை நடத்தும் நமக்கு அதில் பொறாமையில்லை. பிரேஜில், இந்தோனேசியா, மலேசியா உள்ளிட்ட 17 தேசங்கள் 2023 செப்டம்பரில் கூடி எழுதிய கடிதத்துக்கு அத்தனை விரைவில் செவி சாய்க்கவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

இக்கெடுவை நம்மவர் சிலர் விடுதலையென்று எண்ணி உறங்குகிறார்கள். அது விடுதலையன்று, வாய்தா. வாய்தா வாங்கியவன் சாட்சியைத் தயார் செய்யாமல் இருந்தால் வழக்கு தோற்கும். இச்சட்டத்தால் ஆண்டுக்கு 130 கோடி டாலர் மதிப்புள்ள நம் ஏற்றுமதி பாதிக்கப்படலாம் என்று டில்லியிலுள்ள உலக வாணிப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2023-இல் கணித்தது. 2026 ஜனவரி 27-இல் பாரத தேசமும் ஐரோப்பிய ஒன்றியமும் சுதந்திர வியாபார ஒப்பந்தப் பேச்சு முடிந்ததென்று அறிவித்தன. சுங்கம் என்னும் முன்கதவு திறக்கும்போது சான்று என்னும் பின்கதவு சாத்தப்படுமாயின் ஒப்பந்தத்தால் பயன் பாதியாகவே இருக்கும்.

செய்ய வேண்டுவது என்ன? சில வழிகள் முன்னமே திறந்திருக்கின்றன. பெங்களூரில் உள்ள காப்பி வாரியம் தோட்டங்களின் இருப்பிடத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தது. கோட்டயத்து ரப்பர் வாரியம் 2024-இல் தோட்ட வரைபடம் தயாரிக்கத் தொடங்கிற்று. வாரியமுள்ள பயிருக்கு ஒரு வழி உண்டாயிற்று. காப்பியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியை நட்ட நாள்முதல் நம் காப்பி நிழல் மரங்களின் கீழேயே வளர்கிறது. ஆகாயத்திலிருந்து படமெடுக்கும் யந்திரத்தின் கண்ணுக்கு அத்தோட்டம் காடாகவே தோன்றும். அங்கே ஒரு கிழ மரத்தை வெட்டினாலும் காடழித்தான் என்று பழி வரலாம். மரத்தைக் காத்தவனே தண்டிக்கப்படாதிருக்க, எது தோட்டம், எது காடு என்று காட்டும் அதிகார பூர்வமான வரைபடத்தை நம் சர்க்காரே வெளியிட வேண்டும். நம் வீட்டு எல்லையை அளக்க அன்னிய நில அளவைக்காரன் எதற்கு?

மாட்டுக்கோ இத்தகைய வாரியம் இல்லை. ஆனால் காதிலே 12 இலக்க எண் பொறித்த அட்டை நம் தேசத்து மாடுகளுக்கு மாட்டப்பட்டு வருகிறது. தடுப்பூசிக்காக ஏற்பட்ட இவ்வெண்ணைச் சந்தையிலும் அறுவைக் கூடத்திலும் தோல் மண்டியிலும் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தால் பாதி வழி கடந்தாயிற்று. இதற்காகப் பட்டிக்காரனிடம் காசு வாங்கலாகாது. ஐரோப்பிய வியாபாரி நயமான சான்றைக் கேட்டால் நயமான விலையையும் கொடுக்கட்டும் என்று தோல் வியாபாரிகள் ஒன்றுகூடி வற்புறுத்த வேண்டும். வனவுரிமை மனுக்களைக் கெடு வைத்துத் தீர்க்க வேண்டியது சென்னை சர்க்காரின் கடமை. அன்னியத் தோலையும் ரப்பரையும் தனித் தொட்டியில், தனிக் கணக்கில் வைக்க வேண்டியது ஆலை முதலாளிகளின் கடமை. ஊர்தோறும் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியது தேசத்தொண்டர்களின் கடமை. கொடி பிடிப்பது மட்டுமன்று; குடியானவனுக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பதும் தேச சேவையே.

நம் குற்றத்தையும் மறைக்கலாகாது. பாலாற்றைத் தோல் கழிவால் பாழ்படுத்தியவர் வெள்ளைக்காரர் அல்லர். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பிரஜைகளின் வழக்கில் கடுமையான தீர்ப்பளித்த பின்னரே நமக்கு விழிப்பு வந்தது. அன்றே நாமே நம் ஆற்றைக் காத்திருந்தால் நீதிமன்றம் வேண்டியிராது. இன்று நாமே நம் காட்டைக் காத்தால் பிரஸ்ஸல்ஸ் வேண்டியிராது. சுயராஜ்யம் என்பது அன்னியன் கட்டளையை எதிர்ப்பதில் மட்டும் இல்லை. அன்னியன் கட்டளையிட வேண்டிய அவசியமே இல்லாதபடி நடந்து காட்டுவதிலும் இருக்கிறது.

ஓசூர் நாளுக்கு நாள் வளர்கிறது. ஆலைகள் பெருகுகின்றன, பெங்களூரின் நிழல் எல்லை தாண்டி நீள்கிறது. அதே ஜில்லாவின் மறு கோடியில் நாட்றாம்பாளையத்துப் பட்டியில் மாடு அசைபோடுகிறது. ஒன்று உலகச் சந்தையின் வாசல். மற்றொன்று உலகச் சந்தையின் வேர். வாசலில் நிற்போர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். வேரில் நிற்பவனுக்காக யார் பேசுவார்? 2026 டிசம்பருக்கு முன் அவன் பட்டா அவன் கைக்கு வந்து, அவன் மாட்டின் எண் ஏட்டில் ஏறி, அதற்குரிய விலை அவன் மடியில் சேருமாயின், இச்சட்டம் அவனுக்குச் சாபமாகாது, வரமும் ஆகலாம். அங்ஙனம் செய்யத் தவறினால் தோஷம் பிரஸ்ஸல்ஸினுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.